நூற்றிருபது மணித்தியாலம்

மாணவர் நலன்புரி முதுநிலை டிப்ளோமா,
இரண்டாம் செமிஸ்டர்.
செய்முறைப் பயிற்சி நூற்றிருபது மணித்தியாலம்.
நீல மட்டை ஏடொன்று தந்திருக்கிறார்கள்.
திகதி, நேரம், பிரச்சினையின் வகை,
வழங்கிய சேவை, மேற்பார்வையாளர் ஒப்பம்.
பிரச்சினைக்கு ஒரு விரல் அகலம்.
ஒப்பத்துக்கு நாலு விரல்.

சனிக்கிழமை வகுப்பு, மட்டக்களப்பு ரவுணில்.
மின்விசிறிக்குக் கீழே நடித்துப் பழகினோம்.
களுவாஞ்சிக்குடி சுகிர்தமலர் அழுகிற மாணவி,
நான் விடுதிப் பொறுப்பாளர்.
"முன்னுக்குச் சாயுங்க, மேசையைத் தாண்டாதீங்க.
ஏன் என்று கேட்காதீங்க, எப்படி என்று கேளுங்க"
என்றார் நிஸ்தார் சேர்.
சுகிர்தமலர் உண்மையாகவே அழுதாள்.
எனக்கு எண்பத்திரண்டு புள்ளி.
அவள் ஏன் அழுதாள் என்று
பிறகு ஒருவரும் கேட்கவில்லை.
எப்படி என்றும்.

வந்தாறுமூலையில் எனக்குக் கிடைத்தது
மேல்மாடி ஒழுகுகிற பெண்கள் விடுதி.
மூன்று கிழமைக்குள்
தொலைந்த திறப்பு பதினொன்று,
உடுப்புக் காயவைக்கிற கம்பிக்குக் கீழே ஒரு சாரைப்பாம்பு,
வராத மகாபொலவுக்கு ஆறு கடிதம்.
இதெல்லாம் எந்த அத்தியாயம் என்று
குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தேன்.

நேற்றிரவு, இரண்டு நாற்பது.
ஒற்றை விரலால் கதவில் தட்டுகிற சத்தம்.
முதல் வருஷப் பிள்ளை, பிபிலைப் பக்கம்.
"மிஸ், வதுர நெஹெ."
அவளுக்குத் தெரிந்த தமிழையும்
எனக்குத் தெரிந்த சிங்களத்தையும் சேர்த்தால்
ஒரு வாளி நிறையாது.
போர்வையைச் சுற்றிக்கொண்டு டாங்கியடிக்குப் போனேன்.
வாச்சர் தெய்வநாயகம் மோட்டரை ஓர் உதை உதைத்தார்.
"காத்துப் புடிச்சிற்று கா,
கொஞ்சம் தண்ணி ஊத்திப் பாப்பம்."
ஊற்றினோம். இருமியது. பிறகு இழுத்தது.

தண்ணீர் ஏறுகிற சத்தத்தைக் கேட்டபடி
அவளும் நானும் நின்றோம்.
எப்படி என்று தொடங்குகிற கேள்வியொன்றை
சிங்களத்தில் கட்டிக்கொண்டிருந்தேன்.
அப்போதுதான் கண்டேன்
தூணுக்குப் பின்னால் வரிசையாக வாளிகள்.
எண்ணினேன். ஒன்பது.
மாடிப்படி இருட்டில்
துவாயைக் கழுத்தில் போட்ட எட்டுப் பேர்,
மூச்சுக் காட்டாமல்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.
எனக்குச் சொல்லத் தேவையுமில்லை.
அக்காமார் நித்திரையான பிறகுதான்
புதுசுகள் குளிக்கலாம்.
ஷவர் கூடாது. லைட் கூடாது. வாளி மட்டும்.
மனப்பாடம்.
ஏழு வருஷத்துக்கு முன், இதே தாழ்வாரத்தில்,
அதைச் சொன்ன குரல் என்னுடையது.
சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.
அதற்கு முன்னம் எனக்கும் ஒருத்தி சொன்னாள் என்று
எத்தனை இரவு
எனக்கு நானே சாட்சிக்கு வந்திருக்கிறேன்.

'இத்தொழிலைத் தெரிவுசெய்யத் தூண்டிய அனுபவம்',
எங்கள் முதல் அசைன்மென்ட்.
ஆயிரம் சொல்லில் சேவை மனப்பான்மை எழுதினேன்.
அதற்கும் நல்ல புள்ளி.

தாழ்வார லைட்டைப் போட்டேன்.
கதிரையொன்றை இழுத்துவந்து
குளியலறை வாசலில் வைத்து இருந்தேன்,
ஒன்பது பேரும் குளித்து முடியும்வரை.
கடைசிப் பிள்ளை ஷவரைத் திறந்துவிட்டு
என்னை எட்டிப் பார்த்தாள்.
மேலே ஒரு ஜன்னல் திறந்தது,
மூடியது, திரும்பத் திறந்தது.
பார்க்கிறவளுக்கு முகம் தெரியட்டும் என்று
போர்வையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன்.
நுளம்பு பிய்த்துத் தின்றது.

காலையில் ஏட்டைத் திறந்தேன்.
பிரச்சினையின் வகை: தண்ணீர்.
வெட்டினேன்.
பகிடிவதை.
வழங்கிய சேவை: மோட்டர், லைட், கதிரை.
ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிஷம்.

பதினொரு மணிக்கு நிஸ்தார் சேரைக் காணவேண்டும்.
செங்கலடிச் சந்தியில் பஸ் நிற்கிறது, நகரவில்லை.
பெயர்கள் கேட்பார்.
கேட்கத்தான் வேண்டும், சட்டம் அப்படி.
ஜன்னலைத் திறந்தவள் யாரென்று தெரியாது.
நிச்சயமாகத் தெரிந்தது ஒரே பெயர்.
பட்ச் பழையது.
எழுத்துப் பிழையில்லாமல் எழுத வரும்.