போக்கிடம்

அதிகச் சூடு என்று
சிவப்பில் மினுக்குகிறது பாய்லர்.
அதன் முன்னால் ஓவர்கோட்டும் கம்பளித் தொப்பியுமாக
எம்ரிஸ் பெடோ.
பேசப் பேச வாயிலிருந்து ஆவி.
"பொய் சொல்கிறது, இது."

ரெக்ஸமில் ஜனவரி பாதி.
மேசைமேல் வெண்ணெய் செங்கல்லாகக் கிடந்தது.

ரீசெட்டை எத்தனை தரம் அழுத்தினீர்கள்?
இரண்டு, என்றார்.
பெட்டியின் நினைவில் பத்தொன்பது.
எல்லாரும் இரண்டு என்றுதான் சொல்வார்கள்.

மூடியைக் கழற்றினேன்.
திருப்புளி நுனியைப் பம்பின்மேல் வைத்து
பிடியைக் காதோடு ஒட்டினால் கேட்கும்:
ஓடுகிறது.
சென்சார்கள் இரண்டும் உண்மை பேசின.
போகிற குழாய் விரலைச் சுட்டது.
திரும்புகிற குழாய்
மீன் மாதிரி.

தீ அதிகமில்லை, மிஸ்டர் பெடோ.
தீ எப்போதும் போலத்தான்.
வாங்கிக்கொண்டு போக வேண்டிய தண்ணீர்
நின்ற இடத்திலேயே கொதிக்கிறது.
சூட்டுக்குப் போக்கிடம் இல்லை.
அதனால் வாயை மூடிக்கொள்கிறது பெட்டி,
எதையும் உடைத்துவிடாமல் இருக்க.

அடைப்பைத் தேடி மாடி ஏறினேன்.
முதல் அறை, குதிரைப் படங்கள், மகள் கார்டிஃபில்:
ரேடியேட்டர் குமிழ் பூஜ்யத்தில்.
அடுத்தது, கம்பளத்தில் நான்கு பள்ளம்,
தையல் மெஷின் நின்ற இடம்:
பூஜ்யம்.
குளியலறை. முன்னறை.
கடைசி அறைக் கதவின் கீழே
துண்டைச் சுருட்டி அடைத்திருந்தது.

ஆளில்லாத அறைக்கு எதற்கு, என்றார்
படியடியிலிருந்து.
காஸ் பில்லைப் பார்த்திருக்கிறீர்களா?
பார்த்திருக்கிறேன். எனக்கும் வருகிறது.

குளிர்காலத்துக்கு ஓர் அறையாக
சாத்திக்கொண்டே வந்து
இப்போது சமையலறையில் ஒரு நாற்காலி.
தண்ணீர் சுற்றிப் போக
பாய்லருக்குப் பக்கத்தில் குறுக்குவழி ஒன்று உண்டு.
கசிகிறதோ என்று பயந்து
அதையும் இறுக்கியிருக்கிறார்.

திறந்தேன், ஒவ்வொன்றாக.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு கூரைக்கு மேலே யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி.
இருவரும் நிமிர்ந்து பார்த்தோம்.
"நியாவின் அறை," என்றார்.
காற்று, என்றேன்.
இந்தச் சாவியால் கால் சுற்று. தண்ணீர் வந்ததும் மூடிவிடுங்கள்.

எழுபத்திரண்டில் நின்றது முள்.
தொப்பியைக் கழற்றினார்; முடி ஒரு பக்கமாகப் படிந்திருந்தது.

ரசீதில் எழுதினேன்:
பாகம் எதுவும் மாற்றவில்லை. எண்பது பவுண்ட்.
எதுவுமே மாற்றாமல் எண்பதா?
ஆமாம்.

வாசலில் பூட்ஸ் மாட்டும்போது திரும்பினேன்.
அந்தத் துண்டு அவர் கையில் இருந்தது,
எங்கே வைப்பது என்று தெரியாமல்.