கீச் செருப்பு

லேத்துக்குப் பொட்டு வைத்து
மாலை போட்டுப்
பொரி தூவி
மதியமே ஷட்டரை இறக்கியாயிற்று.
ஆயுத பூஜை. அதற்கும் லீவு.

சாயங்காலம்
தர்மபுரி, பென்னாகரம் சாலைக் கல்யாண மண்டபம்.
மேடையில் ஒரு வீணை, ஒரு மிருதங்கம்,
பின்னால் தம்புராவோடு வசுமதி.
மூன்று மணி நேரத்துக்கு
அந்த நாலு கம்பியை விட்டு
அவள் கையெடுக்க முடியாது.
ஆகவே நித்திலா என் மடியில்.

வயது ஒன்றே முக்கால்.
காலில்,
மிதித்தால் கீச்சிடும் புதுச் செருப்பு.
வாசலிலேயே கழற்றியிருக்கலாம்.
கழற்றினால் அழுவாள்.
கழற்றாவிட்டால் நடப்பாள்.

வீணை தொடங்கியதும்தான் தெரிந்தது
அதற்கு எவ்வளவு சின்னக் குரல் என்று.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னார்கள்.
இருமல் வந்தவர்
சாலைவரை போய் இருமிவிட்டு வந்தார்.
அந்த நிசப்தத்தில்
நித்திலா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள்.
"அப்பா, போச்சு" என்றாள்.

கரண்ட் போனால் அவள் சொல்லும் சொல்.
மண்டபம் முழுக்கக் கேட்டது.
இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது.

பட்டறைக்கு மேல்தான் எங்கள் வீடு.
பிறந்த மூன்றாம் நாளிலிருந்து
இவள் தூங்குவதெல்லாம்
கடைசல் சத்தத்தின் மேல் படுத்துத்தான்.
மோட்டார் நின்றால் முழித்துக்கொள்வாள்.
அமைதி என்றால் இவளுக்கு
ஏதோ ரிப்பேர்.

பிஸ்கட் உறையைப் பிரித்தேன்.
தகரக் கூரையில் மழை பெய்தது.
சாவிக் கொத்தைக் கொடுத்தேன்.
அதைவிட மோசம்.
வழுக்கி இறங்கி நடந்தாள்,
மிகச் சரியாக
வீணை மூச்சு வாங்கும் இடங்களில்:
கீச்.
கீச்.
மிருதங்கக்காரர் சிரித்துவிட்டார்.
முன்வரிசைக் கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை.

அள்ளிக்கொண்டு
பின்சுவரோரம் ஓடினேன்.
அங்கே நாற்காலிகளுக்கு நடுவில்
ஒரு பழைய ஸ்பீக்கர் பெட்டி.
அதில் வீணை மங்கலாய்,
தம்புரா மட்டும் கனமாய்.

நின்றுவிட்டேன்.

இரும்பு எதையும் பிடிக்காமல்
லேத் சும்மா ஓடுமே,
அந்த ரீங்காரம்.
அதே இடம். ஒரு மயிரிழை விலகல் இல்லை.
ஏழு வருஷமாக
மேலே அவள் மீட்ட, கீழே நான் ஓட்ட,
இரண்டும் ஒரே சுருதியில்.
அவள் ஒரு நாளும் சொன்னதில்லை.
தெரியாமலா இருந்திருக்கும்?
எதை வைத்துச் சுருதி சேர்த்தாள் என்று
நானும் கேட்டதில்லை.

தோளில் ஒரு கொட்டாவி.
பிறகு கழுத்தில் எச்சில் ஈரம்.
மெதுவாக உட்கார்ந்தேன்.
கழன்று விழுந்த ஒரு செருப்பு
சரியாக என் தொடைக்கடியில்.

இனி அசைந்தால் கீச்.

அசையாமல் இருந்தேன்.
வலக்கால் மரத்தது,
பிறகு அந்தக் கால் இருந்ததே மறந்தது.
வேறு வேலை இல்லாததால்
கச்சேரியைக் கேட்டேன்.
ராகத்தின் பெயரெல்லாம் எனக்குத் தெரியாது.
ஆனால் ஓரிடத்தில் அந்த அம்மாள்
கம்பியை இழுத்தார், இழுத்தார்,
இன்னும் ஒரு நூல் போனால் அறுந்துவிடும் என்ற இடத்தில்
விரலை நிறுத்தினார்.
அது எனக்குத் தெரியும்.
நூல் என்பது எங்கள் தொழிலின் அளவு.

எல்லோரும் கைதட்டினார்கள்.
நான் தட்டவில்லை.
கண்ணாடிக்காரர் அதையும் பார்த்தார்.

தம்புராவை உறையிலிட்டுக்கொண்டு வந்தவள்
"ரொம்பப் படுத்தினாளா?" என்றாள்.
"கடைசி ஒரு மணி நேரம் ஆடாம அசையாம..."
"இவளா?"
"நான்."

நாலு ரோட்டில்
உடைத்த பூசணிகள் குங்குமம் வழியக் கிடந்தன.
சேலம் பஸ் ஒன்று
வாழைக்கன்று கட்டிக்கொண்டு ஹாரன் அடித்துப் போனது.
நித்திலா கண் விழித்தாள்.
இறக்கிவிடச் சொல்லிக் காலை உதைத்தாள்.
செருப்பை மாட்டிவிட்டேன்.
ஒவ்வொரு பூசணியையும் சுற்றிச் சுற்றி
கீச், கீச், கீச் என்று
அவள் நடக்க,
வசுமதி
தம்புரா இல்லாத கையின் விரல்களை
நீட்டி மடக்கிக்கொண்டே
பின்னால் வந்தாள்.