வியாக்கியானம்

பாஸ்டர் ஹால்வோர் பேசப்பேச
நான் மங்கோலியத்தில் சொல்வேன்.
வாக்கியத்துக்கு வாக்கியம்; சனிக்கிழமை கூலி.

அன்று வெளியே பனி சீறியது.
கண்மூடி நின்றவர் திடீரென
எந்த நாட்டிலும் இல்லாத பாஷையில் போனார்.
அடுப்பில் சாணி வெடித்தது.
கூடாரத்தில் பதினொரு முகங்களும்
என் பக்கம் திரும்பின:
என்ன சொல்கிறார், ஓயுனா?

எனக்கு ஞானஸ்நானம்கூட ஆகவில்லை.
அவர் கையுறையைப் பார்த்தேன்,
கட்டைவிரல் கிழிந்திருந்தது.
"குளிர்கிறதாம்," என்றேன்.
"வீட்டு ஞாபகமாம்."

செர்மா எழுந்து
தன் ஆட்டுத்தோல் அங்கியை
அவர் தோளில் போட்டாள்.
பாஷை நின்றது.
அழுதார்.

குதிரைக்குச் சேணம் கட்டும்போது கேட்டார்:
இந்த வரம் உனக்கு எப்போது வந்தது?

பொய்யா என்று இன்னும் தெரியவில்லை.
சனிக்கிழமை
இரண்டு வாக்கியம் கழித்துக்கொள்ளச் சொன்னேன்.