ட்ரே எண் நாற்பத்தொன்று

ஈரோடு, பெருந்துறை ரோடு.
கீழே டயர் கடை, மேலே எங்கள் லேப்.
நாளுக்கு முப்பது பல் செய்வோம்.
கோபியிலிருந்து ஒன்று, சென்னிமலையிலிருந்து இரண்டு,
வெத்தலை மென்று மென்று தேய்ந்த வாய்களுக்கு
நிற அட்டையை வைத்துப் பார்த்துப் பார்த்து
பழுப்புக்குள் இன்னொரு பழுப்பாக.

இன்று நாற்பத்தொன்றாம் ட்ரேயில் வந்தது
யார் வாய்க்கும் ஆகாது.

அம்சவேணி கொண்டுவந்தாள்,
கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்கிறவள்,
பஞ்சில் பொதிந்து, மைசூர்பாகு டப்பாவுக்குள் வைத்து.
"நாலு நகல் வேணுங்க்கா.
ஒரிஜினல் லாவோஸ்ல ஒரு குகையில கிடைச்சதுங்க,
இதே நகல்தான், கீழ போட்றாதீங்க."
கடைவாய்ப்பல். எனாமல் பூராவும் சுருக்கம்,
பிழிந்து காயப்போட மறந்த துணி மாதிரி.
ஒராங்குட்டான், என்றாள்.

திருப்பினேன். வேர் இல்லை.
முள்ளம்பன்றி தின்றுவிட்டதாம்.
எலும்பைக் கொறித்து, தாடையைக் கொறித்து,
கடைசியில் பல்லின் வேரையும்.
எனாமல் மட்டும் மசியவில்லை.

சிரிப்பு வந்தது எனக்கு.
என் பிழைப்பில் இது தலைகீழ்:
வேர் தாடையில் நிற்கும், தலை உடைந்து போகும்,
நான் தலை செய்து ஏற்றுவேன்.
இங்கே தலை கிடக்கிறது லட்சம் வருஷமாக.
வேர் இல்லை. தாடை இல்லை.
அந்தத் தாடை தொங்கிக்கொண்டு தின்ற கிளையும் இல்லை.

சிலிக்கான் கலக்கும்போது சொன்னாள்:
நிஜப் பல்லைத் துளி சுரண்டினால் காடு தெரியுமாம்.
வெட்டவெளிப் புல்லுக்கு ஒரு கரி,
மரக்கூட்டத்து இலைக்கு வேறொரு கரி.
இது தின்றதெல்லாம் நிழல்.
கைக்குக் கை கிளை மாறியே
தெற்குச் சீனா வரைக்கும் போயிருக்கிறது.
இப்போது மிச்சம் இரண்டு தீவு.

"பால்கூடத் தெரியுமுங்க்கா.
பழம் இல்லாத மாசத்துல ஆத்தாகாரி திரும்பப் பால் குடுப்பா,
எட்டு வயசு ஆனாலும்.
அது கோடு கோடா ஏறியிருக்கும்."

நான் உதட்டை மூடிக்கொண்டேன்.

எங்கள் தோட்டத்து போர் ஆயிரத்து நூறு அடி.
மூன்று வயசிலிருந்து அந்தத் தண்ணிதான்.
முன்பல் இரண்டிலும் செங்காவிப் பட்டை;
கல்யாண ஆல்பம் முழுக்க
வாய் திறக்காமல் சிரிக்கிறவள் நான்.
என் பல்லைச் சுரண்டினால் என்ன வரும் அம்சவேணி?
பாறை வரும்.
ராத்திரி பூராவும் ஓடிய ரிக் வண்டியின் டீசல் வாடை வரும்.

இந்தப் பக்கம் அது வந்திருக்குமா, கேட்டேன்.
இல்லீங்க்கா, ஒரு பல்லும் கிடைச்சதில்லை.
கிடைத்திருந்தாலும் மாவாக்கி ஊதியிருப்பார்கள் என்று
சொல்ல வந்து நிறுத்தினேன்.
நாற்பதாம் ட்ரே செங்கோட்டுவேல் அண்ணனுடையது.
திருச்செங்கோடு. இருபத்தெட்டு வருஷம் ரிக்கில்.
கல்தூளோடு சோறு தின்று
மேல் கடைவாய் நான்கும் மொழுக்கென்று இருக்கும்.

மாவு இறுக அரைமணி நேரம்.
ஜன்னலுக்கு வெளியே பஸ் போர்டுகள்:
புளியம்பட்டி. வேலம்பாளையம். ஆலாம்பாளையம்.
அவள் படித்துக்கொண்டே இருந்தாள், நானும்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அச்சிலிருந்து உருவினேன்.
எந்தப் பல் முடிந்தாலும் கடி பார்ப்பது பழக்கம்.
இதற்கு எதிர்ப்பல் எங்கே போய்த் தேட?
கை பாட்டுக்கு செங்கோட்டுவேல் அண்ணன் மேல்தாடையை எடுத்தது,
நடுவில் நீலத்தாள் வைத்து
மெல்ல மூடித் திறந்தது.

சுருக்கத்தின் மேட்டில்
ஒரே ஒரு புள்ளி, நீலம்.

அவள் பார்க்கிறாளா என்று பார்த்தேன்.
டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம்.
துடைத்துவிட்டு
நான்கு நகலையும் பஞ்சில் வைத்துக் கொடுத்தேன்.
பில்லில் 'நோயாளி பெயர்' என்ற கட்டத்தை
காலியாக விட்டேன்.

அவள் போனபின் ஐந்தாவது ஒன்று வார்த்தேன்.
அதற்கும் கடி பார்த்தேன்.
அதைத் துடைக்கவில்லை.