பார்த்தேன்

பதினொரு பேர், பதினொரு போத்தல்.
சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டிக்
கவிழ்த்துச் செருகி,
பள்ளிக்கூட அடிமட்டம் ஒட்டிய மழைமானி.
காலை ஆறுக்கு அளந்து
மில்லிமீட்டரை என் தளத்தில் போடுவார்கள்.
தளம் என்றால் ஒரே ஒரு அட்டவணை:
மேல் டிவிசன் 14. ஆத்துமலை 9. பொகவந்தலாவை டவுன் 6.
அழகில்லை. பிழையுமில்லை.

மண் சரிந்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் தொடங்கினோம்.
அதை இங்கே எழுதப்போவதில்லை.

சித்திரைக் கூட்டத்தில் கிங்ஸ்லி எழும்பினான்:
"வெறும் எண்ணைப் பாத்துக்கிட்டு எத்தன நாளைக்கு?
மூஞ்சியையும் போடுங்க அக்கா.
லைக் போட, பேச, சிநேகிதம் கேக்க
ஒரு வழி வேணும்."
ஹட்டன் பஸ் திரும்புவதற்குள்
பாதியை மனதில் கட்டிவிட்டேன்.

முதல் கட்டம்: 'முழுப்பெயர்'.
சந்தனமேரி போனில் சிரித்தாள்.
"முழுப்பேருக்குப் பதினெட்டுக் கிலோ எடுக்கணுமே,
இன்னைக்குப் பன்னண்டுதான்.
அரைப்பேர்னு போட்டுக்க."
போட்டேன்.
இன்றும் அவள் படத்தின் கீழே
'சந்தனமேரி, அரைப்பேர்' என்றுதான் இருக்கிறது.

சிநேக அழைப்பு பிழைத்துப்போனது.
மருதவீரனும் யோகேசும் ஒரே லயம்,
நடுவில் ஒரு பலகைச்சுவர்.
ஒருவர் அளவை மற்றவர் நம்பாததால்
அங்கே மட்டும் இரண்டு போத்தல்.
யோகேசின் அழைப்பை
மருதவீரன் பதினாறு நாள் திறக்கவில்லை.
"பக்கத்துக் காம்பராக்காரன்
கதவத் தட்டாம போன்ல தட்டுறான்,
என்ன கோவமோ" என்று
மனுசன் பேச்சையே நிறுத்திவிட்டார்.
அந்தப் பொத்தானை எடுத்தேன்.

பிறகு லைக்.
ஆத்துமலை 91 என்று வந்த காலை
ஒரு கட்டைவிரல் உயர்ந்திருந்தது.
தேடினால், தயாவதி.
கீழே கிராமத்தில் லீக்ஸ் நட்டிருந்தாள்.
கன்று காய்ந்து கிடந்தது, மழை வந்தது, உயர்த்தினாள்.
அதே மழையில்
கிங்ஸ்லியின் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்திருந்தது.
சண்டை மூன்று நாள் ஓடியது,
இரண்டு மொழியில்,
இரண்டிலும் எழுத்துப்பிழையோடு.
நாலாம் நாள் தயாவதி ஒரு படம் போட்டாள்.
அவளுடைய பாத்தியும் வழிந்து போயிருந்தது.
கூட ஒரு வார்த்தை இல்லை.

அன்றிரவு கட்டைவிரலைக் கழற்றி
அந்த இடத்தில் 'பார்த்தேன்' என்று வைத்தேன்.
பக்கத்திலேயே, 'தெக்கா'.
நல்லது என்றுமில்லை, கெட்டது என்றுமில்லை.

பச்சைப் புள்ளியை மட்டும் விட்டிருந்தேன்,
யார் விழித்திருக்கிறார் என்று காட்டுவது.
யோகேஸ் குறைப்பட்டார்:
"ராத்திரி முழுக்க நான் படம் பாக்குறது
பொஞ்சாதிக்குத் தெரியுது தங்கச்சி."
எடுக்கிறேன் என்று சொல்லி மறந்துபோனேன்.

ஐப்பசியில் ஒரு வியாழன்.
இரவு பதினொன்றுக்குப் பதினொரு புள்ளியும் பச்சை.
ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.
அவரவர் தகரத்தின் சத்தத்தை
அவரவர் கேட்டுக்கொண்டிருந்தோம்.

இரண்டு நாற்பதுக்கு மருதவீரன் அணைந்தார்.
ஒரு நிமிடம் கழித்து யோகேஸ்.

கரண்ட் போயிருக்கும்.
டவர் போயிருக்கும்.
டவுன் பேக்கரியில் மாப் பிசையும் நவ்ஷாட்
கையைத் துடைத்துவிட்டு எழுதியிருப்பார்,
'மேல் டிவிசன்?'
அதன் கீழே
பார்த்தேன். தெக்கா. பார்த்தேன். பார்த்தேன்.
நான் கட்டிய பொத்தான்தான்.
அமத்தக் கை வரவில்லை.

ஆறு மணி.
ஆறு ஐந்து.
ஆறு இருபதுக்கு, பள்ளிக்கூட மண்டபத்திலிருந்து,
யாரோ ஒரு டீச்சரின் போனில்:

"மேல் டிவிசன் 163. லயத்துல ஆளில்ல, எல்லாரும் இங்க. மருதவீரன்."

அதற்குக் கீழே, அதே போனில்:

"163 இல்ல, 158. வார வழியில அவரு போத்தல்ல
கூடக் கொஞ்சம் விழுந்திருச்சி. யோகேஸ்."

இரண்டையும் அட்டவணையில் போட்டேன்.