பின் அச்சு

கருப்பூர் தாண்டி பைபாஸ் ஓரம் நான் வேலை பார்க்கும் எடைமேடை.
வெள்ளைக்கல் ஏற்றிய லாரிகள் வரும்.
முன்னும் பின்னும் சேர்த்து ஒரே எண்,
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
கேட்டால் அச்சுவாரியாகவும் போட்டுத் தருவேன்:
முன்சக்கரம் மட்டும் ஏறட்டும், நிறுத்து,
இப்போ பின்னால்.
பின்பாரம் மிஞ்சிய வண்டி மேட்டில் மூக்கைத் தூக்கும்,
ஸ்டியரிங் வெறும் காற்றைத் திருப்பும்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.

ஞாயிறு காலை மட்டையோடு நின்றால்
எதுவும் தெரியாது.

"ஹிப்ல லோடு ஏத்து, கோகிலவாணி."
"எத்தனை டன் மேடம்?"
தில்ஷாத் பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.
மெர்லின் மேடம் சிரிக்கவில்லை.
"பின்கால்ல அறுபது, முன்கால்ல நாப்பது."
அறுபதும் நாற்பதும்
என் தொடையில் எங்கே எழுதியிருக்கிறது?
தில்ஷாத்தின் கை ஒரு முழுவட்டம் சுற்றும்,
தொடையை உரசிக்கொண்டு கிளம்பும் பந்து.
ஏழு பந்து.
ஏழையும் கையால் மட்டும் வீசினேன்.
ஏழும் வலைக்குப் போயின.

புதன் இரவு இரண்டு மணி. லாரி இல்லை.
சேர்வராயன் மேல் ஏதோ ஒரு வண்டியின் வெளிச்சம்
கொண்டை ஊசிக்குள் போய் ஒளிந்து
அடுத்த மடிப்பில் வந்தது.
வலதுகாலைத் தட்டின் மேல் வைத்தேன்,
இடதுகால் வெளியே, சிமெண்ட் விளிம்பில்.
கையில் மாப்பின் கம்பு.
கண்ணாடிக்குள் சிவப்பாக: 30.
பத்துப் பத்தாகத்தான் எண்ணும் என் எடைமேடை,
கல்லுக்குப் பழகியது.
இருநூறு கிலோவுக்குக் கீழே நம்பாதே என்று
தகட்டிலேயே பொறித்திருக்கிறது.
நம்பினேன்.

பின்னால் சாய்ந்தேன். 50.
அட, இவ்வளவுதானா.
வீசினேன்.
முட்டி கணுக்காலைத் தாண்டி வெளியே வழிந்திருந்தது,
செருப்பின் வெளிவிளிம்பில் நின்றிருந்தேன்,
திரும்பி வர வழியில்லை.
பின்கதவுக்கு மேல் குவித்த கல்.
எண் சரி, லோடு தப்பு.
எவ்வளவு என்று மட்டும்தான் சொல்லும் இந்தப் பெட்டி,
எங்கே என்று சொல்லாது.

மறுபடி.
சாயாமல் உட்கார்ந்தேன்.
உட்காரவும் இல்லை,
பின்பாக்கெட்டைப் பந்து வரும் பக்கம்
கொஞ்சம் காட்டினேன், அவ்வளவுதான்.
முட்டி அசையவில்லை.
கட்டைவிரல் மொட்டு இரும்பைக் கவ்வியது.
வயிறும் தொடையும் சந்திக்கும் மடிப்பில்
ஒரு எடைச்சீட்டை வைத்து
விழாமல் பிடித்திருப்பதுபோல்
ஓர் இறுக்கம்.
எட்டிப் பார்த்தேன்: 40.
முன்னதைவிடப் பத்து குறைவு.
ஆனாலும் இந்த நாற்பது எங்கும் சிந்தவில்லை.

பிறகு இடுப்பு முதலில் போனது,
நான் அனுப்பவில்லை.
வயிறு அதன் பின்னால், தோள் அதன் பின்னால்.
கை கடைசி. வண்டி கிளம்பியபின்
ஓடிவந்து தொற்றும் கிளீனர் மாதிரி.
சிமெண்டில் ஊன்றிய இடதுகால்
முட்டுக்கல்லாக நின்று அத்தனையையும் வாங்கியது.
கண்ணாடிக்குள்: 0.
வலது குதிகால் வானத்தைப் பார்த்தது.
நான் ஒரு கிலோகூட அங்கே இல்லை.

ஹாரன்.
பன்னிரண்டு சக்கரம், ஓமலூர்ப் பக்கமிருந்து.
"என்ன மேடம், தனியா ஆடுறீங்க?"
"எடை பார்க்குறேன்ணே."
டிரைவர் கம்பைப் பார்த்தார், காலைப் பார்த்தார்.
"காலி எடையா, லோடு எடையா?"
பதில் இல்லாமல் உள்ளே போய்
அவர் சீட்டை அடித்தேன்.

ஞாயிறு. தில்ஷாத்தின் முதல் பந்து
மூன்றாம் பேஸுக்கு வெளியே, வேலியைத் தாண்டி,
யாருடைய ஸ்கூட்டர் மீதோ விழுந்தது.
ஃபவுல்.
மேடம் எதுவும் சொல்லவில்லை.
வேறு பந்து வாங்கிக்கொண்ட தில்ஷாத்
தையலை விரலால் தடவியபடி
என் முகத்தைப் பார்க்காமல்
காலைப் பார்த்தாள்.

சீட்டு விழாமல் பிடித்துக்கொண்டு
நின்றேன்.