மீந்தது இருநூறு

திருமணம் நின்றுபோனது மார்ச்சில்.
மண்டபக்காரர் முன்பணத்தில் பாதியைத் தந்தார்.
கேக் கடைக்காரி முழுவதையும் தந்து
ஓர் எலுமிச்சை ரொட்டியும் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.
காகித நாப்கினை மட்டும்
யாரும் திரும்ப வாங்கவில்லை.
பத்துக் கட்டு, கட்டுக்கு இருபது,
ஒவ்வொன்றிலும் கழுத்து வளைந்த இரண்டு அன்னம்.

லியெபாயாவில் காற்றுக்கு விடுமுறை கிடையாது.
மூன்றாம் மாடிச் சன்னலை அது உலுக்கிய ஒரு ஞாயிறு
குண்டேகா அலமாரியைத் திறந்தாள்.
டிராம் பணிமனையில் டிக்கெட் கணக்கு எழுதுகிறவள்;
எண்ணாமல் எதையும் எறியத் தெரியாதவள்.
குப்பைத்தொட்டி அருகே எடுத்த முக்காலி ஒன்று இருந்தது.
டெகூபாஜ் என்று ஒரு வேலை உண்டென்று
எதிர்வீட்டு ஸைகா சொல்லியிருந்தாள்:
"வெட்டு, ஒட்டு, வார்னிஷ் அடி. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை.

பசையைக் குழைத்துப் பூசி
நாப்கினை வாங்கியபடியே அப்பினாள்.
காய்ந்ததும் மூலையைப் பிடித்து இழுத்தால்
அன்னம் இரண்டும் தோலாய் உரிந்து வந்தன.
முக்காலி பழையபடி முக்காலி.

நாப்கினுக்கு மூன்று தாள்.
நிறம் மேல்தாளில் மட்டும்.
ஈர விரலால் மூலையை நெருடினால் மெல்லப் பிரியும்.
பாலையும் நீரையும் பிரிக்கும் பறவை என்பார்கள்;
இங்கே பறவையையே
இரண்டு வெள்ளைகளிடமிருந்து பிரிக்க வேண்டியிருக்கிறது.
பிரித்த வெள்ளைகளும் வீணாகவில்லை.
ஒன்று தூரிகை துடைக்க,
ஒன்று மூக்குக்கு.
ஏப்ரல் முழுக்க இரண்டாவதுதான் அதிகம் செலவானது.

பிறகு கெட்டுக் கெட்டுத் தெரிந்துகொண்டது:
உப்புத்தாள் போடாத மரத்தில் எதுவும் நிற்காது.
அடியில் வெள்ளை பூசாவிட்டால்
மரத்தின் பழுப்பு ஏறி அன்னம் காக்கையாகிவிடும்.
பசைக்குப் பாதி தண்ணீர்.
கத்தரிக்கோல் வேண்டாம்.
உருவத்தைச் சுற்றி ஈரத் தூரிகையால் கோடிழுத்துக்
கிழி.
கிழிந்த ஓரம் வெள்ளையோடு கரைந்துவிடும்,
வெட்டிய ஓரம்தான் கடைசிவரை தெரியும்.
இதை ஸைகாவிடம் இரண்டு முறை சொன்னாள்.
இரண்டாம் முறை ஸைகா
தேநீரை வெகுநேரம் கலக்கிக்கொண்டிருந்தாள்.

சுருக்கம் விழுந்தது. நீவினால் கிழிந்தது.
கிழிந்ததன்மேல் இன்னொரு சிறகை ஒட்டினால்
மூன்று சிறகுள்ள அன்னம்.
போகட்டும், காற்றுள்ள ஊர், தேவைப்படும் என்றாள்.
நாற்பத்தொன்றாவது நாப்கினில்
அலுவலகக் கோப்பின் பிளாஸ்டிக் உறை கைகொடுத்தது:
படத்தை அதன்மேல் கவிழ்த்துத்
தண்ணீர் விட்டு விரித்து
அப்படியே பெட்டிமேல் அழுத்தி
உறையை உரித்தாள்.
ஒரு மடிப்பு இல்லை.
தனியாக நின்று கைதட்டினாள்.

சாவிப்பெட்டி. கடிகாரம். ஏழு பூந்தொட்டி.
ரொட்டிப் பலகை (வார்னிஷ் அடித்ததால்
ரொட்டி வைக்க உதவாது).
ஸைகாவின் தபால்பெட்டி, கேட்காமலே.

ஆகஸ்டில் நோர்முண்ட்ஸ் வந்தான்,
விட்டுப்போன டிரில்லை எடுக்க.
மேசையில் நான்காம் பூச்சு காய்ந்துகொண்டிருந்த
பெட்டியைத் தூக்கிப் பார்த்தான்.
"அழகாக இருக்கிறதே, எங்கே வாங்கினாய்?"

அவள் கேட்டது பார்லிக்கதிர்.
அன்னம்தான் வேண்டுமென்று கடையில்
அரைமணி நேரம் நின்றவன் அவன்.

"ஈரம். தொடாதே" என்றாள்.
தொட்டாயிற்று.
அவன் போனபின் விளக்கடியில் சாய்த்துப் பார்த்தாள்:
அன்னத்தின் முதுகில் கட்டைவிரல்,
ரேகை ரேகையாக.
இரண்டு நாள் காயவிட்டு
நுண்ணிய உப்புத்தாளை நனைத்து
வட்ட வட்டமாகத் தேய்த்தாள்.
ஐந்தாம் பூச்சு.
அவ்வளவுதான். இந்த முறை
உண்மையிலேயே அவ்வளவுதான்.

அக்டோபரில் ஒரு மாலை எண்ணிப் பார்த்தாள்.
ஒன்று பாக்கி.
முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து
உருளைக்கிழங்கோடு புகையிட்ட காட் மீன் தின்றாள்,
எண்ணெய் மணிக்கட்டுவரை வழிய.
கடைசி நாப்கினை எடுத்து, பிரிக்காமல்,
வாயைத் துடைத்தாள்.

மூன்று தாளும் சேர்ந்து இருக்கையில்
நன்றாகத்தான் துடைக்கிறது.